மூன்று கீறல் விழுந்த சட்டை

அவள் பொய் சொல்வாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு வந்துவிட்டு, நாலு இட்லி சாப்பிட்டேன் என்பாள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து வந்துவிட்டு, உடம்பு சூடேறட்டும் என்றுதான் நடந்தேன் என்பாள். அவளுடைய பொய்களால் எனக்குத் தெரிந்து யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. நான் அவளைப் பற்றி ஒரே ஓர் உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவே இல்லை.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதிவிட்டால் அவளுக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதாக நானே நினைத்துக்கொள்வேன். என் புத்தி எனக்குத் தெரியும். தண்டையார்பேட்டையில் நாங்கள் கால்பந்து ஆடிய மைதானத்தில் எல்லோரும் அவளை ஜெர்மனி என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் எனக்கு ஜெர்மனிக்கா.

அந்தப் பெயர் வந்தது ஒரு சட்டையால். அவளுடைய அம்மா ராயபுரத்தில் ஒரு கொடவுனில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் உடுத்திக் கழித்த துணிகள் கப்பலில் பெரிய பெரிய பேல்களாக வந்து அங்கே இறங்கும். அவற்றை அப்படியே கொண்டுபோய்க் கடையில் விற்றுவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு துணியையும் மூன்று இடத்தில் கிழித்துத்தான் வெளியே விடுவார்கள். பிறகு அது மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியாகப் போகும். கிழிப்பதுதான் அந்த அம்மாவின் வேலை. ஒரு பலகை, அதில் செங்குத்தாக நட்ட கத்தி, துணியை அதில் குத்தி இழுக்க வேண்டும். நாள் முழுக்க நல்ல துணியைக் கிழித்துவிட்டு, சாயங்காலம் ஒட்டுப்போட்ட புடவையோடு வீட்டுக்கு வருவாள்.

ஒருநாள் அந்தச் சட்டை வந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டையில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று கோடு, முதுகில் கறுப்பில் ஒன்பது. மகள் பந்து ஆடுகிறவள் என்பது அம்மாவுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மேஸ்திரி எதிரே நின்றதால் கிழிக்காமல் விட முடியவில்லை. கிழித்தாள். ஆனால் மூன்று கீறலையும் தையல் ஓரமாகவே பார்த்துப் போட்டாள். மேஸ்திரி எண்ணிப் பார்த்தபோது மூன்று சரியாக இருந்தது. சட்டையும் பிழைத்துக்கொண்டது. வேஸ்ட்டிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்து, வீட்டில் வெள்ளை நூலில் தைத்துக் கொடுத்துவிட்டாள். கிழிக்கிற கையிலும் ஒரு பக்குவம் இருக்கிறது என்று அந்தத் தையலைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன பிரயோஜனம், என் முறை வந்தபோது அந்தப் பக்குவம் எனக்கு வரவில்லை.

எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். கப்பல் கொடியெல்லாம் அவருக்கு அத்துப்படி. சட்டையின் கழுத்தைப் பார்த்ததும், "இது ஜெர்மன் கொடிமே. அந்த ஊரு ஆம்பளைங்க டீமு சட்ட. எங்க புட்ச்ச?" என்றார்.

"ஆம்பள சட்டையா? லேடீஸ் பேல்ல வந்துது மாஸ்டர். பொம்பள சட்ட இது. அங்க பொம்பளைங்களும் ஆடுறாங்க, சம்பளம் வாங்கிக்கினு" என்றாள் அவள்.

"உனுக்கு யாரு சொன்னா?"

"சட்டையே சொல்லுதே. ஒம்பதாம் நம்பரு. சென்டர் பார்வேர்டு. என்னாட்டம்."

அந்த ஊரில் பேல் கட்டுகிறவன் தூக்கக் கலக்கத்தில் ஆண் சட்டையைப் பெண் மூட்டையில் போட்டிருக்கலாம். மாஸ்டர் அதைச் சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து, அந்தச் சட்டையை முன்பு போட்டு ஆடிய ஜெர்மனிக்காரியின் வாழ்க்கையை அவள் எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். பிராக்டீஸ் முடிந்து டேங்கர் லாரிகள் நிற்கிற சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருப்போம். யாருக்கு என்ன குறை வந்தாலும் அதற்கு ஜெர்மனியில் ஒரு பதில் இருந்தது. என் ஷூ வாயைப் பிளந்தால், "அவளுக்கு வருசத்துக்கு நாலு ஜோடி. கிளப்பே குடுக்குது" என்பாள். மைதானத்துக்குப் பையன்கள் வந்து எங்களை விரட்டினால், "அங்க பொம்பளைங்க ஆடுறப்போ ஆம்பளைங்க டிக்கெட் வாங்கிக்கினு கம்முனு குந்தினு கீறாங்க" என்பாள். மாதவிலக்கு நாளில் வெள்ளை டிராயரை நினைத்துப் பயந்து ஒருத்தி ஆட வரவில்லை என்றால், "அவளுக்கு அந்த மூணு நாளும் கறுப்பு டிராயர்தான், அதுக்குன்னே தச்சு வெச்சுகீறாங்க" என்பாள். நாங்களும் விடமாட்டோம். "பீலா வுடாதக்கா. அவ கல்யாணம் பண்ணிக்கினாளா?" என்று கேட்போம்.

"பண்ணிக்கினா. மாப்ள கோல்கீப்பரு. இவ அடிச்சா கண்டி ஒண்ணுகூட புடிக்க மாட்டான்."

சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் கதையில் ஒருநாளும் முன்னுக்குப் பின் முரணாகப் பேசமாட்டாள். ஜெர்மனிக்காரிக்கு அப்பா இல்லை, குடித்துச் செத்துவிட்டார். அம்மா ஒரு துணி மில்லில் வேலை பார்த்தாள், மகளுக்குக் கிளப்பில் வேலை கிடைத்த மறுநாளே மில்லை விட்டு நின்றுவிட்டாள். இந்த இடத்தை மட்டும் அவள் அடிக்கடி சொல்வாள். "மொத மாச சம்பளம் கைல வாங்கிக்கினு நேரா மில்லுக்கு போனா. அம்மா கைய புட்ச்சு இஸ்துகினு வந்துட்டா." அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தூசு தின்று தின்று அவள் அம்மாவுக்கு இருமல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, அம்மா கொடவுனிலிருந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் அவள் ஆடினாள். பொழுதுபோக்குக்கு ஆடிக்கொண்டிருந்தது நான்தான்.

அவள் ஆட்டத்தைப் பற்றி எழுதினால் நம்பமாட்டார்கள். இடது காலில் பந்தை நிறுத்திவிட்டு ஒரு விநாடி சும்மா நிற்பாள். எதிரில் வருகிறவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று பார்த்துவிட்டு மறுபக்கம் போய்விடுவாள். அந்த ஒரு விநாடி நிற்பதற்கு எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை. நான் ரைட் பேக். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பேன், அது எங்கே போகிறது என்று பிறகு பார்ப்பேன். என் மாதிரி ஆட்களும் ஒரு டீமுக்குத் தேவை என்பார் மாஸ்டர்.

எண்ணூரில் ஒரு மேட்ச். அனல் மின்நிலையத்துச் சாம்பல் படிந்த மைதானம். பத்து நிமிஷத்தில் பந்து கறுத்துவிட்டது, பாதி ஆட்டத்தில் எங்கள் முகமும். அவள் சட்டையில் ஒன்பது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு பந்தை வாங்கித் திரும்பினாள், கால் சாம்பலுக்கு அடியிலிருந்த குழியில் மாட்டியது. உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. பின்னால் ஓடிவந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம்.

எழுந்துவிட்டாள். நொண்டாமல் நாலு அடி நடந்தும் காட்டினாள். "வலிக்கல. சும்மா சுளுக்கு" என்று மாஸ்டரிடம் சொன்னாள். திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை முழுக்க வியர்வை. "மாஸ்டராண்ட சொல்லாதடி. டீமுலயோ வெளியயோ யாராண்டயும் சொல்லாத. வேலைக்கு ஆளுங்க எடுக்கப் போறாங்கன்னு பேச்சு கீது. முட்டி போச்சுன்னு தெரிஞ்சா கூப்டமாட்டாங்க." சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் அவளைப் புத்தூர் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனது நான்தான். எங்கள் பக்கத்தில் கை கால் எது போனாலும் அங்கேதான் போவோம். பெரியாஸ்பத்திரி என்ற யோசனையே எங்களுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டிவிடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு பயம். மூலிகை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, அதன்மேல் துணி என்று அவர் நன்றாகத்தான் கட்டினார். எலும்புக்கு அவர் கை நல்ல கை. ஆனால் போனது எலும்பு இல்லை. உள்ளே ஜவ்வு அறுந்திருக்கிறது, அதைக் கட்டி ஒட்டவைக்க முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. நாற்பத்தைந்து நாள் அவிழ்க்கக் கூடாது என்றார்.

அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காலை நீட்டிக்கொண்டு ஜெர்மனிக்காரியின் கதையைச் சொல்வாள். "அவளுக்கும் இதே முட்டிதான் போச்சு. ஆறு மாசம் படுக்க வெச்சாங்க. கிளப்பே டாக்டர் வெச்சு பாத்துது. சம்பளம் நிறுத்தல. எந்திரிச்சு வந்து மொத மேட்ச்ல ரெண்டு கோலு."

"உனுக்கு ஆறு மாசம் யாருக்கா குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"நமக்கு நாப்பத்தஞ்சு நாளு. நம்ம ஊரு முட்டி ஸ்ட்ராங்கு."

இருபத்திரண்டாம் நாள் செலக்‌ஷனுக்குக் கடிதம் வந்துவிட்டது. அரசு நிறுவனம் ஒன்று பெண்கள் டீம் ஆரம்பிக்கிறது, எங்கள் ஏரியாவிலிருந்து அவளையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த முறை எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. செலக்‌ஷன் அன்று காலையில் கட்டை அவளே அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள். முட்டி வீங்கி, பச்சையாக இருந்தது. பழைய புடவையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் நீளமான சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள். மேலே அந்த வெள்ளைச் சட்டை.

செலக்‌ஷன் மைதானம் ஊரின் அந்தப் பக்கம். புல் இருந்தது. நாங்கள் இருவரும் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தோம். அவளை முதலில் இறக்கினார்கள். இருபது நிமிஷம் ஆடினாள். ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே ஆடினாள். பந்தை நிறுத்தினாள், அந்த ஒரு விநாடி நின்றாள், கொடுத்தாள். அவள் கொடுத்ததில் மற்றவர்கள் மூன்று கோல் போட்டார்கள். கோட்டுக்கு வெளியே என் முறைக்காகக் காத்திருந்த நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கடைசியில் ஒரு பந்துக்குத் திரும்பியவள் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு ஷூ கயிறு அவிழ்ந்ததுபோல் குனிந்து கட்டிக்கொண்டாள். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை.

தேர்வாளர் என்னிடம் வந்தார். வழுக்கைத் தலை, கையில் அட்டையும் பேனாவும். "நீ அவ டீம்தானே? அந்தப் பொண்ணு முட்டி எப்படி இருக்கு?" என்றார்.

அவள் பத்தடி தள்ளிக் குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், முதுகை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு. ஒன்பதும், தோளோரத்துத் தையலும் தெரிந்தன.

அவரிடம் பேச நான் என் பாஷையை மாற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேசுகிற தமிழ். "மூட்டு போயிடுச்சு சார். மூணு வாரமா கட்டு போட்டிருந்தாங்க. இன்னைக்குத்தான் அவுத்துட்டு வந்திருக்காங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அட்டையில் ஒரு கோடு போட்டார்.

இன்னும் ஆடினால் கால் மொத்தமாகப் போய்விடும், அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று வருஷக்கணக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதி நிஜமாகக்கூட இருக்கலாம். ஆனால் எங்கள் ஏரியாவிலிருந்து ஒரே ஓர் ஆளைத்தான் எடுப்பார்கள் என்று காலையிலேயே அங்கிருந்த பியூன் சொல்லியிருந்தான். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் யார் என்று தெரிந்துவிடும்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "அந்த ஆளு உன்னாண்ட இன்னா கேட்டாரு?" என்றாள்.

"வயசு கேட்டாருக்கா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அன்றைக்கு ஜெர்மனிக்காரிக்கு என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவே இல்லை.

ஒரு மாதத்தில் எனக்கு வேலைக்கான உத்தரவு வந்தது. என் அம்மா லட்டு வாங்கி வந்தாள், நானே எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஒரு லட்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, "மெய்யாலுமே சந்தோசம்டி" என்றாள். அவள் பொய்க்காரி என்று முதலிலேயே சொன்னேன். ஆனாலும் அந்த வார்த்தை எந்த வகை என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே அவள் அம்மா இருமிக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்த அம்மா கொடவுனுக்குப் போக வேண்டும்.

வேலையில் சேர்ந்து இரண்டு வருஷத்தில் அந்தப் பெண்கள் டீமையே கலைத்துவிட்டார்கள். ஆட்டம் போயிற்று, நாற்காலி இருந்தது. நான் ஃபைல் பார்த்தேன், தேர்வு எழுதினேன், ஹெட் கிளார்க் ஆனேன். கல்யாணம், ஒரு பெண் குழந்தை, உடம்பு பெருத்தது. ஆபீஸில் யாராவது நான் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று சொன்னால் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுவதைக்கூட விட்டுவிட்டேன்.

அந்தச் செலக்‌ஷன் நடந்து ஒன்பது வருஷம் கழித்து மணலி புதுநகரில் வீடு கட்டினோம். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவள் பெயரை எழுதிவிட்டு, தபாலில் போட வெட்கப்பட்டு, நேரில் போனேன். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அம்மா செத்து நாலு வருஷமாகிறது, மகள் கொடவுனில் இருப்பாள், போய்ப் பாருங்கள் என்றார்கள்.

மத்தியான நேரம். ராயபுரத்துக் கொடவுனுக்குள் தூசு வெயிலில் தெரிந்தது. பெண்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவள் ஒருத்தி மட்டும் ஒரு பேலின்மேல் உட்கார்ந்து, இடது காலை விறைப்பாக நீட்டிவிட்டிருந்தாள். முன்னால் பலகை, பலகையில் கத்தி. அந்த அம்மா உட்கார்ந்த இடமாகத்தான் இருக்க வேண்டும்.

"இன்னாமே, ஆபீசரம்மா இம்மாந் தூரம்?" என்றாள். சிரித்தாள். பழைய சிரிப்புதான். சிரித்து முடித்ததும் இருமினாள்.

"வூடு கட்டிகீறோம்க்கா. நீ வரணும்" என்று பத்திரிகையை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"சோக்கா கீது பத்திரிக. கால பாத்தியா, படி ஏற முடியாது. பாக்கறேன்." அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சட்டையை எடுத்துக் கத்தியில் குத்தி இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்ததை எடுத்தாள். எனக்கு நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஜெர்மனிக்காரி எப்டிக்கா கீறா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எப்போது கேட்பேன் என்று காத்திருந்தவள் மாதிரி இருந்தது.

"அவளா? போன மாசந்தான் ஆட்டத்த வுட்டா. மாலையெல்லாம் போட்டு அனுப்புனாங்க. கிளப்பு குடுத்த வூட்லதான் அவ அம்மாவும் கீறா. இருமலு சுத்தமா நின்னுப்போச்சு."

"அவளுக்கும் முட்டி போச்சேக்கா?"

"போச்சு. கட்ட அறுத்துப் போட்டுட்டுதான் செலக்‌ஷனுக்கே போனா. அந்த ஊர்லயும் ஒரு வழுக்கத் தல. நோட்டம் பாத்துகினே இருந்துட்டு, அவ கூடப் போன ஃபிரண்டாண்ட வந்து கேட்டான். இந்தப் பொண்ணு முட்டி எப்டி கீதுன்னு."

பக்கத்துக் கத்திகளில் துணி கிழிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த சட்டையை இன்னும் கத்தியில் குத்தவில்லை.

"இவ அங்கியேதான் கொயாயில தண்ணி குட்ச்சுகினு கீறா. எல்லாம் காதுல வியுது."

என் பார்வை அவள் மடியிலிருந்த பத்திரிகைக்குப் போயிற்று.

"நல்லா கீது சார், அப்டின்னுட்டா அவ ஃபிரண்டு" என்றாள். சட்டையைக் கத்தியில் குத்தி நிதானமாக இழுத்தாள். "அப்பால இன்னா. ஒம்பது வருசம் ஆடுனா."

"அந்த ஃபிரண்டு இன்னாக்கா ஆனா?"

"அவளுக்கு வேல கெடைக்கல" என்றாள். "ஆனா இன்னிக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கீறாங்க."